பல் டாக்டரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்' என்று தினமும் மிரட்டிவிட்டு, பல்வலி வந்ததும் அதே பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அது எப்படி வாயைத் திறக்கும்?

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் ஒரு வயதுக்குள், ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறார்கள் குழந்தைப் பல் மருத்துவர்கள். நம் வீடுகளிலோ 'விழப்போகிற பால்பல்தானே' என்ற அலட்சியம். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தையால் முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகலாம்.

வலி இல்லாத நாளில் போவதுதான் நல்லது. அன்றைக்குப் பெரும்பாலும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், பிள்ளைக்கும் அந்த நாற்காலி பழகும். அதற்கு முன் வீட்டில் மடியில் படுக்கவைத்துப் பற்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளை தன் பொம்மைக்கு எண்ணட்டும். தூங்கும் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். 'வலிக்கவே வலிக்காது' என்றும் சொல்லாதீர்கள். வலியை நினைக்காத பிள்ளையும் நினைக்க ஆரம்பித்துவிடும். 'டாக்டர் உன் பல்லை எண்ணுவார்' என்றால் போதும். அப்புறம், அழாமல் இருந்தால் சாக்லேட் என்று பேரம் பேசுகிறவர்களை என்ன சொல்ல!

ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிவது சொத்தையின் முதல் அறிகுறி. தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளின் மேலுதட்டைத் தூக்கி இதைப் பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி