டயர் சும்மா வெடிக்கிறதில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

'டயர் வெடித்து கட்டுப்பாட்டை இழந்த கார்'னு நம்ம பேப்பர்ல அடிக்கடி ஒரு செய்தி வரும், அதோட முடிஞ்சிடும், ஏன் வெடிச்சுதுன்னு ஒரு வரி இருக்காது. நானும் அதை விதின்னு நெனச்சு பக்கத்த திருப்பிட்டு போனவன்தான். போன மாசம் அந்த செய்தில என் காரே வந்திருக்க வேண்டியது, மயிரிழைல தப்பிச்சேன், அதான் எழுதறேன், நீளமா இருந்தா வெட்டிக்கங்க.

வீடு கடலூர் தேவனாம்பட்டினம். பெட்ரோல் மட்டும் இங்க போடறதில்ல, ஊர்ல பல பேர் மாதிரி நானும் ரெட்டிச்சாவடி தாண்டி பாண்டி எல்லைக்குள்ள போய்தான் போடுவேன், ரேட்டு கம்மி. காத்தும் அங்கயே பாத்துக்கறது. பின்னாடி லெஃப்ட் டயர் மட்டும் ஒவ்வொரு தடவையும் 28, 29 பாயிண்ட்னு (psi) காட்டும், பங்க் தம்பி 33 ஏத்தி விடுவான், நானும் கெளம்பிடுவேன். ரெண்டு மாசம் இப்படியே ஓடிச்சு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பாயிண்ட் தானா எறங்கறது எல்லா டயருக்கும் சகஜம், ஆனா நாலுல ஒண்ணு மட்டும் வாராவாரம் எறங்கிச்சுன்னா அது ஸ்லோ பஞ்சர்தான். இது எனக்கு தெரியும், தெரிஞ்சும் சோம்பேறித்தனம்.

இதுல நான் பண்ணின பெரிய முட்டாள்தனம் என்னன்னா, வீட்டுலேந்து 12 கிலோமீட்டர் ஓட்டிட்டு போய் காத்து பாத்தது. ஓடின டயர் சூடாகி உள்ள இருக்கற காத்து விரிஞ்சு 3, 4 பாயிண்ட் கூட காட்டும், அப்போ அங்க காட்டின 28 நெஜத்துல 24, 25தான். சூட்டுல 33 ஏத்தினா ஆறினப்புறம் 30 கூட நிக்காது. பெட்ரோல்ல மிச்சம் புடிக்கறேன்னு போய் டயர்ல கோட்டை விட்டேன். என் மச்சான் கால் டாக்சி ஓட்டறாரு, ஒரு ஞாயித்துக்கெழம காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அவர் கேஜ வச்சு பாத்தா 21. நான் நம்பவே இல்ல, கண்ணால பாத்தா டயர் நல்லாத்தான் இருந்துது, ரேடியல் டயர் எப்பவுமே அடில கொஞ்சம் பிதுங்கித்தான் நிக்கும், அதனால காத்து எறங்கினது பார்வைக்கு தெரியாதாம். எவ்ளோ வைக்கணும்னு டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு, 8 வருஷமா நான் அதை படிச்சதே இல்ல.

மொதல்ல போன பஞ்சர் கடைக்காரர் வால்வுல எச்சில் தடவி பாத்தாரு, ஒண்ணும் வரல, டயர் பட்டன், அதான் ரோட்டுல படற ரப்பர் கட்டைங்க, அது இடுக்குல ஒரு கூர்க்கல்லு சிக்கியிருந்துது, அதான்னு சொல்லி எடுத்துப் போட்டுட்டு காசு கூட வாங்கல. அடுத்த வாரம் மறுபடி 25. அப்புறம் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பெரியவர் கடை. தண்ணித் தொட்டில உருட்டி பாத்தாரு, காத்துக் குமிழியே வரல. "அவசரப்படாதீங்க சார், டீ குடிச்சிட்டு வாங்க"ன்னுட்டு டயர படுக்கப் போட்டு ரிம் ஓரம் பூரா சோப்புத்தண்ணி ஊத்தி வச்சாரு. திரும்பி வந்து பாத்தா ஒரு எடத்துல மட்டும் கஞ்சி கொதிக்க ஆரம்பிக்கும்போது ஓரத்துல வருமே அது மாதிரி பொடிப்பொடியா நுரை. "வீடு கடலோரமா?"ன்னு கேட்டாரு, நான் சொல்லவே இல்ல. உப்புக்காத்துல இரும்பு ரிம் பெயிண்ட் உரிஞ்சு துரு ஏறி, டயர் உக்கார்ற எடம் சமமா இல்லாம அது வழியா காத்து கசிஞ்சிருக்கு. ஆணியும் இல்ல ஒண்ணும் இல்ல.

டயர கழட்டினப்போ உள்ளேந்து ஒரு கை கருப்புப் பொடி கொட்டிச்சு. காத்து கம்மியா ஓடினா ஒவ்வொரு சுத்துலயும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி சூடாகி உள்ரப்பர் அரைபட்டு உதிரும், ரப்பருக்குள்ள இருக்கற நூல் விட்டுப்போகும், அப்புறம் வெயில்ல ஹைவேஸ்ல ஒரு நாள் வெடிக்கும். வெளில பட்டன் இன்னும் 2 வருஷம் வரும், அதனால அதையே திரும்ப மாட்டச் சொல்லி நான் அவர்கிட்ட பேரம் பேசி பாத்தேன், "நான் மாட்டித் தரமாட்டேன், வேற கடைக்கு போங்க"ன்னுட்டாரு. அந்த மனுஷனுக்கு புண்ணியமாப் போகும். ரிம்ம கம்பி பிரஷ் போட்டு தேச்சு சீலர் தடவி வால்வும் மாத்தி, புது டயர் போட்டுட்டு வந்தேன். மொதல்லயே பாத்திருந்தா சில நூறு ரூபால முடிஞ்சிருக்க வேண்டியது.

இன்னொண்ணு, ட்யூப்லெஸ் டயர்ல ஆணிய பாத்தா வழில புடுங்காதீங்க, அதுதான் ஓட்டைய அடைச்சிட்டு நிக்கும், காத்த பாத்துட்டு மெதுவா கடைக்கு ஓட்டுங்க. பக்கச்சுவர்ல குத்தியிருந்தா பஞ்சர் ஒட்டவே கூடாது. ஸ்டெப்னியையும் பாருங்க, என்னோடதுல 14தான் இருந்துது. ஸ்டெப்னிங்கறது பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் இருக்கற ஒரு தெருவோட பேராம், அங்க இருந்த கம்பெனிதான் 1904 வாக்குல இந்த உபரி சக்கரத்த விக்க ஆரம்பிச்சுதாம், இதெல்லாம் மச்சான் சொன்னது.

பங்க்ல காத்து இலவசமா குடுக்கணும்னு ரூல் இருக்கு, ஆனா நம்ம ரோட்டுல போனா மெஷின் ரிப்பேர், இல்லன்னா ஆள் இல்ல, இருந்தாலும் மீட்டர் ஒண்ணு ஒண்ணும் ஒரு கணக்கு காட்டுது. அதிகாரிங்க இதை ஒரு தடவை சோதிச்சா நல்லா இருக்கும். நீங்களும் அடுத்த தடவ டயர் வெடிச்ச செய்தி போடும்போது அந்த டயர பாத்த மெக்கானிக்க ஒரு வார்த்தை கேட்டு போடுங்க.

போன வாரம் பெட்ரோல் போட போனப்போ அந்த பங்க் தம்பிகிட்ட நடந்தத சொன்னேன். "அந்த டயர் எறங்கறத நானும் கவனிச்சேன் சார், சொன்னா டயர் விக்கப் பாக்கறியான்னு கேப்பாங்க, அதான் ஏத்தி மட்டும் விட்டேன்"னான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.