ஹாட்பாக்ஸைத் திருப்பித் தர முடியாது

நம் கிளப்பின் கோல்ஃப் கமிட்டிக்கு,

வணக்கம். சென்ற மாத மெடல் போட்டியில் 'குறைந்த பட்' பரிசு எனக்குத்தான் கிடைத்தது. பட் என்றால் குழியைச் சுற்றிய மழித்த புல்தரையான க்ரீனில் பந்தை உருட்டி அடிப்பது. 18 ஹோலுக்கு 27 பட். மேடைக்குக் கூப்பிட்டு, கைதட்டி, ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தீர்கள். கோல்ஃபில் ஸ்கோர் குறையக் குறைய நல்லது; அன்று என் மொத்த ஸ்கோர் 96 என்பதை யாரும் மைக்கில் வாசிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

பரிசோடு வெளியே வந்தால், என் குழுவில் ஆடிய பிளஸ் ஒன் மாணவி பிராக்டீஸ் க்ரீனில் தனியாக நின்று பட் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் ஸ்கோர் 79. ஆனால் கார்டில் 33 பட். "முப்பத்து மூணு பட்டா? நூறு பட் போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். 96 அடித்தவன் ஹாட்பாக்ஸோடு காரில் ஏறினேன். 79 அடித்தவள் இருட்டும் வரை குனிந்து நின்றாள். கமிட்டிக்கு இதைப் பற்றி இரண்டு முறை கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். இந்தப் பரிசு நம் கிளப்பில் மட்டும் இருப்பதல்ல என்பதும் ஒரு காரணம்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் 'அடி' என்றால் தூரமும்தான், அடிப்பதும்தான். இந்த மடலில் அடி என்றால் தூரம் மட்டும். பந்தை அடித்த எண்ணிக்கையை ஸ்ட்ரோக் என்றே எழுதுகிறேன்.

அன்று அந்தப் பெண்ணுக்கு நான்தான் மார்க்கர், அதாவது அவள் ஸ்கோரைக் குறிப்பவன். காப்பீட்டுத் துறையில் 31 வருடம் அட்டவணைகளோடு குடித்தனம் நடத்தியவன். எதைப் பார்த்தாலும் அளந்து எழுதுகிற வியாதி உண்டு. இருவருடைய முதல் பட்டின் தூரத்தையும் எட்டு வைத்து அளந்து கார்டின் பின்பக்கம் குறித்திருந்தேன். வீட்டில் போய்ப் பார்த்தபோதுதான் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அவள் 12 க்ரீன்களை உரிய ஸ்ட்ரோக்கில், அதாவது அந்த ஹோலுக்கு வகுத்த எண்ணிக்கையில் இரண்டு பட்டுக்கு இடம் மிச்சம் வைத்து, எட்டியிருந்தாள். அந்தப் பன்னிரண்டிலும் முதல் பட் சுமார் 30 அடி. மீதி ஆறு ஹோல்களில் சிப் செய்து (க்ரீனுக்கு வெளியிலிருந்து சின்னதாகத் தூக்கிப் போட்டு) சுமார் 8 அடிக்குக் கொண்டுவந்தாள். நானோ இரண்டே க்ரீன்களை எட்டினேன். மற்ற பதினாறில் ரஃப் (நீண்ட புல்), பங்கர் (மணல் பள்ளம்), மறுபடி ரஃப் என்று ஊர் சுற்றி, இரண்டாவது சிப்பிலோ மூன்றாவது சிப்பிலோ குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் சேர்த்தால் என் முதல் பட் சராசரியாக 6 அடி.

அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் ஆட்டக்காரர்கள் 6 அடியிலிருந்து குழியில் போட சராசரியாக 1.34 பட் எடுக்கிறார்கள். 8 அடியிலிருந்து 1.50. 30 அடியிலிருந்து 1.98. இப்போது பெருக்கிப் பாருங்கள். என் இடங்களிலிருந்து அவர்கள் 24 பட்டில் முடித்திருப்பார்கள். நான் 27 எடுத்தேன், மூன்று நட்டம். அவள் இடங்களிலிருந்து அவர்களுக்கே 33 ஆகியிருக்கும். அவள் எடுத்ததும் 33.

நூறு பட் தண்டனை பெற்றவள் அன்று டூர் ஆட்டக்காரர் அளவுக்குப் பட் போட்டிருக்கிறாள். நம் க்ரீன்கள் அவர்களுடையதைவிட மெதுவானவை, ஒரே ஒரு நாள் கணக்கு எதையும் நிரூபிக்காது, எட்டு வைத்து அளந்ததில் பிசகும் இருக்கும். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் இருவரில் யாருக்கு ஹாட்பாக்ஸ், யாருக்குத் தண்டனை என்பதில் சந்தேகம் வருமா?

இந்த அட்டவணை நான் கண்டுபிடித்ததல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளியில் பேராசிரியராக இருக்கும் மார்க் பிராடி போட்ட கணக்கு. பிஜிஏ டூர் போட்டிகளில் ஷாட்லிங்க் என்ற ஏற்பாடு உண்டு; அந்த வருடங்களில் தன்னார்வலர்கள் லேசர் கருவியோடு நின்று ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று பதிவு செய்தார்கள். அந்தக் குவியலை வைத்துக்கொண்டு பிராடி கேட்டது எளிமையான கேள்வி: பந்து இங்கே கிடந்தால், முடிக்க இன்னும் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் ஆகும்?

இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனித்தனியாக விலை போடலாம். 400 கெஜப் பார் 4 ஹோலில் (நான்கு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியது) டீ என்ற தொடக்க இடத்திலிருந்து டூர் சராசரி 3.99. டிரைவ், அதாவது டீயிலிருந்து அடிக்கும் முதல் ஷாட், ஃபேர்வேயில் (நடுவே வெட்டிவைத்த புல்பாதையில்) விழுந்து 140 கெஜம் மீதம் என்றால் அங்கிருந்து 2.91. அதாவது ஒரு ஸ்ட்ரோக் செலவழித்து 1.08 ஸ்ட்ரோக் தூரம் முன்னேறியாயிற்று, மிச்சம் 0.08. அடுத்த ஷாட் 20 அடியில் நின்றால் அங்கிருந்து 1.87, மிச்சம் 0.04. அந்த 20 அடிப் பட் விழுந்துவிட்டால் மிச்சம் 0.87. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் எவருக்கும் புரிகிற விஷயம். 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' என்ற பெயரில் 2011இல் பிஜிஏ டூர் முதலில் பட்டிங்குக்கு இதை ஏற்றுக்கொண்டது. பிறகு மற்ற ஷாட்களுக்கும் வந்தது.

நம் கிளப்பின் மதுக்கூடத்தில் ஒரு வசனம் தினமும் ஓடும். தமிழில் சொன்னால், டிரைவ் பகட்டுக்கு, பட்டிங் துட்டுக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2004 முதல் 2012 வரையிலான பதிவுகளில், டூரின் முதல் 40 பேர் மற்றவர்களைவிட எங்கே முந்துகிறார்கள் என்று பிராடி பிரித்துப் பார்த்தார். க்ரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச்சில் 40 சதவீதம், டிரைவில் 28, க்ரீனைச் சுற்றிய சின்ன ஷாட்களில் 17, பட்டிங்கில் 15. டைகர் வுட்ஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடைசிக் குழியில் விழுந்த பட், வானத்தைக் குத்திய முஷ்டி. அந்த வருடங்களில் அவர் ஒரு ரவுண்டுக்கு மிச்சப்படுத்திய சுமார் 2.8 ஸ்ட்ரோக்கில் ஏறத்தாழ 1.3 அப்ரோச்சிலிருந்து வந்தது. பிராடி சாதாரண ஆட்டக்காரர்களின் ரவுண்டுகளையும் சேகரித்தார். 90 அடிப்பவருக்கும் 80 அடிப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில்தான் இருந்தது.

அப்படியானால் பழைய வசனம் எப்படி இத்தனை நாள் பிழைத்தது? டிவிதான் காரணம் என்பது என் கட்சி. ஒரு வாரம் கோப்பை வாங்குபவர் அந்த வாரம் நன்றாகப் பட் போட்டிருப்பார், கேமராவும் விழுந்த பட்டைத்தான் காட்டும். 8 அடிப் பட்டை டூர் ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்று தவறவிடுகிறார்கள். 20 அடியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துதான் விழுகிறது. இதை நம் உறுப்பினர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். எட்டடியில் தவறவிட்டு பட்டரை (பட் போடும் மட்டையை) தூக்கி எறிந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கமிட்டியிலும் இருந்திருக்கிறார், போகட்டும்.

பட்டிங் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக், தன்னைவிட வெகுதூரம் டிரைவ் அடிப்பவர்களுக்கு நடுவே, சின்ன ஷாட்களையும் பட்டரையும் நம்பி 15 அண்டரில், அதாவது பாருக்கு 15 ஸ்ட்ரோக் குறைவாக, முடித்தார். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்க மேடை தவறியது. எதிர்ப்பக்கம், 2020 யு.எஸ். ஓபனில் பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேக்களில் 23ஐ மட்டும் பிடித்து, ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். ரஃபில் கிடந்தாலும் க்ரீனுக்குப் பக்கத்தில் கிடந்தால் போதும் என்பது அவர் கணக்கு. 'பட் எண்ணிக்கை', 'ஃபேர்வே எண்ணிக்கை' என்ற இரண்டு பத்தியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த இருவரையும் புரிந்துகொள்ளவே முடியாது.

நம் பார் 5 ஹோல்களில் தினமும் நடப்பதைப் பாருங்கள். இரண்டாவது ஷாட்டில் "எனக்குப் பிடித்த 80 கெஜம்" என்று சொல்லி, முன்னால் அடிக்க முடிந்தவர்கூட வேண்டுமென்றே குட்டையாக அடிக்கிறார். டூர் அட்டவணைப்படி ஃபேர்வேயில் 80 கெஜத்திலிருந்து முடிக்க 2.75. ஃபேர்வேயில் 20 கெஜத்திலிருந்து 2.40. 20 கெஜத்தில் ரஃபில் கிடந்தால்கூட 2.59தான். தண்ணீரோ மரமோ குறுக்கே இருந்தால் வேறு கதை. எதுவும் இல்லாத ஹோலில் பின்வாங்குவது, பஸ் வீட்டு வாசலிலேயே நிற்கும்போது முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடப்பது மாதிரி.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாமலே தெரிந்துவைத்திருப்பவர்கள், நம் பையைச் சுமந்து கூடவே வரும் கேடிகள் (caddie). என்னோடு வரும் பெரியவர் பதினைந்து வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்: "கொடிய மறந்துடுங்க சார். ஒரு கிளப் கூட எடுத்து நடு க்ரீனுக்கு அடிங்க." ஒரு படி அதிக தூரம் போகும் மட்டையை எடுக்கச் சொல்கிறார். நானும் பதினைந்து வருடமாகக் கொடியைப் பார்த்து அடித்து, முன்னால் இருக்கும் பங்கரில் போட்டேன். ஸ்காட் ஃபாசெட் என்ற அமெரிக்கர் இதையே ஒரு முறையாக வகுத்துப் பயிற்சி கொடுக்கிறார். நம் ஷாட் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரே புள்ளிக்குப் போவதில்லை, விதை தூவியது மாதிரி பரந்து விழும். கொடியைக் குறிவைக்காமல், அந்தப் பரப்பில் பெரும்பகுதி பத்திரமாக விழும்படி நில் என்கிறார். அதற்கு அவருக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட நம் பெரியவருக்கு இங்கே கிடையாது.

கமிட்டியில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார்: "விளையாட வந்தோமா, கணக்கு எழுத வந்தோமா?" ஐயா, உங்கள் ஹாண்டிகேப், அதாவது உங்கள் ஆட்டத் திறமையைக் காட்டும் எண், என்ன? கடைசி 20 ஸ்கோரில் சிறந்த எட்டின் சராசரியிலிருந்து வருவதுதானே அது? அதில் அரைப் புள்ளி கூடினால் குதிக்கிறீர்கள், குறைந்தால் பார்ட்டி கொடுக்கிறீர்கள். எந்தக் கணக்கு என்பதில்தான் நமக்குள் பேச்சு.

நான் கேட்பது பெரிய செலவில்லை. செயலி வேண்டாம், சென்சார் வேண்டாம். 'குறைந்த பட்' பரிசை நிறுத்திவிட்டு, அதே பணத்தில் ஜூனியர்களுக்கு 'அதிக க்ரீன்' பரிசு கொடுங்கள். ஸ்கோர் கார்டில் இரண்டு பத்தி கூட்டுங்கள்: க்ரீனை நோக்கி அடித்த ஷாட் எத்தனை கெஜத்திலிருந்து, முதல் பட் எத்தனை அடியிலிருந்து. பந்தை நோக்கி எப்படியும் நடக்கத்தான் போகிறோம், நடக்கும்போது எட்டுகளை எண்ணினால் ஆட்டம் தாமதமாகாது. பத்து ரவுண்டு சேர்ந்தால் எந்தப் பிள்ளைக்கு எங்கே ஸ்ட்ரோக் ஒழுகுகிறது என்று பயிற்சியாளர் பார்த்துச் சொல்லலாம். கூட்டிக் கழிப்பது என் வேலையாக இருக்கட்டும். ஞாயிறு காலை ரவுண்டு முடிந்து நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். என் கேடிப் பெரியவருக்கும் ஒரு நாள் ஜூனியர் வகுப்பில் பேசக் கூலி கொடுத்து இடம் கொடுங்கள்.

புதுப் பத்திகளோடு 60 கார்டுகளை என் செலவில் அச்சடித்து, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மெடலுக்கு வைத்துக்கொள்ளலாம். பரிசைத் திருப்பித் தருவதுதான் முறை. ஆனால் ஹாட்பாக்ஸில் வீட்டம்மா இட்லி போட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார், கேட்டுப் பார்த்தேன், நடக்காது. விலையைச் சொல்லுங்கள், ஆபீசில் கட்டிவிடுகிறேன். அந்தப் பணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு டஜன் பந்து வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
27 பட் போட்டு 96 அடித்தவன்