லேசர் சரியா வெட்டலன்னு கேட்டவங்களுக்கு

வணக்கம் எல்லாருக்கும். லேசர் கட்டிங் மெஷின்ல 3 எம்எம் அக்ரிலிக் முன்ன ஒரே பாஸ்ல (ஒரு தடவை ஓட்டுனதுலயே) வெட்டுச்சு, இப்ப வெட்டல, ட்யூப் (லேசர் ஒளியை உண்டாக்குற கண்ணாடிக் குழாய்) போயிடுச்சான்னு இந்த வாரமே மூணு பேர் கேட்டுட்டீங்க. தயவுசெஞ்சு ட்யூபுக்கு காசு போடுறதுக்கு முன்னாடி லென்ஸை கழட்டி வெளிச்சத்துல பாருங்க, எம்டிஎஃப் (மரநார் பலகை) வெட்டுற கடைன்னா புகைக்கறை படிஞ்சு மங்கிப் போயிருக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸால லேசா துடைச்சு நல்லா காஞ்சதும் வளைஞ்ச பக்கம் மேல வர்ற மாதிரி மாட்டுங்க. தலைகீழா மாட்டிட்டு ஃபோகஸ் வரலன்னு தேடுறவங்க நிறைய பேர். மூணு மிரரையும் துடைச்சிருங்க.

டேபிளோட ஒரு மூலையில மட்டும் வெட்டலன்னா அது அலைன்மென்ட், அதாவது மிரருங்க சரியான கோணத்துல இல்லாத பிரச்சனை. லென்ஸ் மாட்டியிருக்குற ஹெட்டுல ஒளி உள்ள நுழையுற ஓட்டை மேல மாஸ்கிங் டேப் ஒட்டி நாலு மூலையிலயும் கம்மி பவர்ல ஒரு பல்ஸ் விடுங்க, புள்ளி ஒரே இடத்துல விழணும்.

ட்யூபை குளிர வைக்கிற சில்லருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணி வேண்டவே வேண்டாம், உப்பு படியும். மழை நாள்ல ரொம்ப குளிரா வச்சா ட்யூப் மேல தண்ணி வேர்த்து ஹை வோல்டேஜ் முனையில ஸ்பார்க் அடிக்கும், 20லருந்து 25 டிகிரிக்குள்ள வைங்க.

முக்கியமா ஒண்ணு. கஸ்டமர் எவ்ளோ கெஞ்சினாலும் பிவிசி ஃபோம் ஷீட், வினைல் ரெண்டையும் லேசர்ல வைக்காதீங்க, அதுலருந்து வர்ற ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் அரிக்கும் மெஷின் ரெயிலையும் அரிக்கும். ஃபோம் ஷீட்டை ரவுட்டர்ல (சுத்துற பிட்டால வெட்டுற மெஷின்) வெட்டுங்க, வினைலுக்கு ப்ளாட்டர் (கத்தியால வெட்டுற மெஷின்) இருக்கு. கடையில வேலை பாக்குற பசங்களுக்கும் இதை இன்னைக்கே சொல்லிருங்க.