பிளாக்ஸ்வொர்த் பாதிரியாரும் மாமரத்துச் சிலந்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எறும்பு வேடமிடும் சிலந்திகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அதில் வந்த, முசுறு எறும்பு வேடமிடும் சிலந்தியை 1869இல் முதன்முதலில் விவரித்துப் பெயர் வைத்தவரை, 'வசதியான வெள்ளைக்காரர் ஒருவரின் பொழுதுபோக்கு' என்று ஒரே வரியில் தாண்டிப் போனது எனக்கு ஒப்பவில்லை. போதாக்குறைக்கு அவரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரர் ஆக்கிவிட்டார் கட்டுரையாளர். ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் படித்தது டர்ஹாமில். அவருடைய சிலந்திகள் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டுக்கு. பெயரில் உள்ள கேம்பிரிட்ஜ், 1848இல் ஒரு சொத்து கைக்கு வந்தபோது அவருடைய அப்பா சேர்த்துக்கொண்டது.

வசதி இருந்தது உண்மைதான். 1828இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், பிளாக்ஸ்வொர்த் என்ற கிராமத்துக் குருமனையில், அதாவது பாதிரியார் வீட்டில், பிறந்தவர். லண்டனுக்குப் போய்க் கொஞ்ச காலம் சட்டம் படித்தார், ஒட்டவில்லை. அப்புறம் இறையியல் படித்துக் குருப்பட்டம் வாங்கி, 1860இல் அப்பாவுக்கு உதவியாக ஊருக்கே திரும்பிவிட்டார். 1868இல் அப்பா காலமானதும் அந்தத் திருச்சபை இவர் பொறுப்புக்கு வந்தது. 1917இல் 88 வயதில் இறக்கும்வரை அதே ஊர்தான். நடுவில் எகிப்து, பாலஸ்தீனம் வரை ஒரு நீண்ட பயணம் போனார். அங்கேயும் சிலந்தி பிடித்தார். பிரசங்கம், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் போக மிச்சமிருந்த நேரமெல்லாம் நுண்ணோக்கிக்குத்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே வேலையை விடாமல் செய்ததைப் பொழுதுபோக்கு என்றால், நம் ஊரில் உத்தியோகம் பார்த்தவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள்?

அவருக்கு மூத்தவரான ஜான் பிளாக்வாலும் இப்படித்தான். துணி வியாபாரத்தை விட்டுவிட்டு வேல்ஸில் குடியேறிச் சிலந்திகளோடு வாழ்ந்தவர். பிரிட்டிஷ் சிலந்திகளைப் பற்றி 1861-64இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலுக்கு இந்த இளம் பாதிரியார் கூடமாட உழைத்தார். பிளாக்வாலுக்குப் பின் பிரிட்டனில் யாருக்குச் சிலந்தியில் சந்தேகம் வந்தாலும் கேள்வி பிளாக்ஸ்வொர்த்துக்குத்தான் போனது. பெண் சிலந்தி அவ்வளவு பெரிதாகவும் ஆண் அவ்வளவு பொடியாகவும் இருப்பது ஏன் என்று இவர் தந்த விளக்கத்தை டார்வினே தன் நூலில் சேர்த்தார். பொடியாக இருக்கிற ஆண்தான் பெண்ணின் உடம்பு மேலேயே ஓடி ஒளிந்து உயிர் தப்பும் என்பது விளக்கம். 1887இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

உலகம் முழுவதிலிருந்தும் ஸ்பிரிட் பாட்டில்களில் சிலந்திகள் அந்தக் குருமனைக்கு வந்தன. இலங்கையில் காபிச் செடியின் பூச்சிகளைப் பற்றி எழுதிய நீட்னர் ஒரு தொகுதி அனுப்பினார். சிட்னியின் கொடிய புனல்வலைச் சிலந்திக்கு 1877இல் பெயர் வைத்தவரும் இவர்தான். ஆளைக் கொல்லும் அந்த நஞ்சுக்கு 1981இல்தான் மாற்று மருந்து வந்தது. பாட்டிலுக்குள் செத்து மிதக்கும் சிலந்தி அதையெல்லாம் சொல்லுமா?

நம் எறும்புச் சிலந்திக்கும் அதே கதைதான், நீட்னர் அனுப்பிய தொகுதியில் செத்துத்தான் வந்தது. ஆணின் தாடை முன்பக்கம் நீண்டு நுனியில் பருத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் கரண்டிவாயன் பறவையின் பெயரை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறு மேயும் கிளையில் பார்த்தால் யாருக்கும் பறவை ஞாபகம் வராது. வாயில் இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போகிற முசுறு என்றுதான் தோன்றும். முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கும். விரலைக் கிட்டே கொண்டுபோனால்தான் குட்டு வெளிப்படும்: நிஜ முசுறு கடிக்க வரும், இது நூல் விட்டுக் கீழே இறங்கிவிடும். இதைப் பார்க்கும் வாய்ப்பு பாதிரியாருக்கு இல்லை. பிடித்துக் கொடுத்த தோட்டத்து ஆட்கள் பார்த்திருக்கலாம். அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதனால் என் கணக்கில் அவருடைய பெரிய காரியம் உலகச் சிலந்திகளுக்குப் பெயர் வைத்தது அல்ல, 1879-81இல் வெளியிட்ட டார்செட் சிலந்திகள் பற்றிய நூல்தான். அந்தப் புதரையும் சதுப்பையும் அவர் நடந்தே அறிந்தவர். பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். 1885 ஆகஸ்டில் மகன்கள் ஊர்ப் பொட்டலில் பிடித்து வந்த ஒரு பொடி நீல வண்ணத்துப்பூச்சி, இங்கிலாந்தில் அதுவரை பதிவாகாத இனம். 'பிளாக்ஸ்வொர்த் நீலம்' என்று அதற்கு ஊர்ப் பெயரே நிலைத்தது. அந்த மகன்களில் ஒருவரான ஆர்தர், பிற்காலத்தில் பழங்கிரேக்க நாடக ஆய்வில் பெரும் பெயர் எடுத்தார்.

நம் மாவட்டங்களில் ஒன்றுக்காவது தமிழில் இப்படி ஒரு சிலந்தி நூல் இருந்தால் வாசகர்கள் எழுதித் தெரிவிக்கட்டும். நான் தேடிய வரையில் கண்ணில் படவில்லை. உங்கள் இதழே மாவட்டத்துக்கு ஓர் இதழ் என்று தொடங்கலாம். குருமனை வசதி நமக்குத் தேவையில்லை, ஒரு லென்ஸும் செல்பேசியும் போதும். முசுறு கடிக்குத் தயாராக இருந்தால் சரி.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையின் இரண்டாவது படத்துக்குக் கீழே 'பெண் சிலந்தி' என்று அச்சாகியிருக்கிறது. தாடை அவ்வளவு நீளமாக இருப்பது ஆணுக்கு மட்டுமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தென்காசி