மட்டக்களப்பு அண்ணாவிமாருக்கு: உங்கள் மத்தளத்தில் அரை மணி நேரம் கேட்டு ஒரு மடல்

கூத்துப் பழக்கும் அன்புள்ள அண்ணாவிமாருக்கு வணக்கம்.

படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா, நம் நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியை ஆடிய கூத்தர். வட்டக்களரியில், அந்த வட்டமான கூத்து மேடையில், விடிய விடிய அருச்சுனனாக ஆடியவர். ஆறு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும், முகம் இறுகிப்போய் இருக்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, கதவு நிலைக்கு வந்ததும் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்வதுதான். காலில் பலம் இருக்கிறது. எடுத்து வைக்கத்தான் வராது.

போன பங்குனியில், வெள்ளாமை வெட்டி முடிந்து ஊரில் கூத்துப் பழகத் தொடங்கிய நேரம், அப்பா அப்படித்தான் வாசலில் நின்றார். கோயில் பக்கமிருந்து மத்தளம் கேட்டது. வலது கால் எழுந்தது, அப்புறம் இடது. தாளத்தோடு முற்றம் வரை போய்விட்டார். அம்மாளின் அருள் என்று அம்மா அழுதார். நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் மூளையின் வேலையும் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் இந்த நோயைப் பற்றி எழுதினார். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் அசைவுக்குச் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அந்த இடத்தோடு மட்டும் இது நிற்பதில்லை. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைப்பின்னலே மாறிவிடுகிறது.

உங்களுக்கு இதை விளக்க எனக்குக் கூத்தே போதும். புதிதாகப் பழக வரும் பிள்ளை ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வைக்கும். சில மாதம் போனால் எண்ணத் தேவையில்லை, ஆட்டம் தானாக வரும். அப்படித் தானாக வரும் பழக்கங்களை நடத்துவதில் மூளையின் ஆழத்திலுள்ள புட்டமென் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோயில் டோபமின் முதலில் வற்றுவது அதன் பின்பக்கத்தில். அதற்கும் அசைவைக் கட்டளையிடும் மூளைப் புறணிக்கும் இடையிலான தொடர்பு தளர்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் நாற்பது வருடம் ஆடிய மனுசன் திரும்பவும் முதல் நாள் பிள்ளையாகிறார். நடப்பதைக்கூட யோசித்து நடக்கவேண்டும். நடக்கும்போது நாங்கள் ஏதாவது கதை கேட்டால் போச்சு, யோசனை சிதறிக் கால் நின்றுவிடும்.

வெளியிலிருந்து ஒரு தாளம் வந்தால், அது செவிவழியாகவும் சிறுமூளை வழியாகவும் வேறு பாதையில் அசைவைத் தூண்டுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பழுதான பாலத்தைச் சுற்றி வேறு வழியால் போவதுபோல. நிலத்தில் குறுக்காகக் கோடு போட்டாலும் சிலருக்குக் கால் எழும்புவதும் இப்படி வேறு வழியால்தான் என்கிறார்கள். அமெரிக்காவின் புரூக்ளினில் 2001 இலிருந்து ஒரு நடனக் குழு பார்க்கின்சன் நோயாளருக்கு வகுப்பு நடத்திவருகிறது. எங்கள் ஊர்களில் தாளத்துக்குப் பஞ்சமா?

நான் கேட்பது இதுதான். கூத்துப் பழகும் காலத்திலாவது கிழமைக்கு ஒருநாள், அரை மணி நேரம், உங்கள் ஊரிலுள்ள நோயாளரைக் கோயில் முற்றத்துக்கு அழையுங்கள். வீசாணம், எட்டு போன்ற ஆட்டங்கள் வேண்டாம். வெறும் நடைக்குத் தாளம் போதும், ஆளின் வேகத்துக்கு. சட்டென்று திருப்பாதீர்கள், திரும்பும்போதுதான் விழுவார்கள். பக்கத்தில் ஒருவர் கைத்தாங்கலாக நிற்கட்டும். குளிசை வேலை செய்யும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை வீட்டாரிடம் கேட்டு அந்த நேரத்துக்கே வையுங்கள். கிளினிக்கில் வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மத்தளம் நோயை மாற்றாது, குளிசைக்குப் பதிலும் ஆகாது. இதை எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மத்தளம் தூக்கி வர இயலாவிட்டால் சல்லரித் தாளம் மட்டும் கொண்டுவாருங்கள். எந்தத் தாளத்தில் தொடங்குவது என்பதை அப்பாவிடமே கேட்கலாம். பதில் மெதுவாகத்தான் வரும், கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கூத்தரின் மகள்