கல் ஆரத்தின் எடையிலும் மாற்றிலும் (தங்கத்தின் தரம்) குறைத்து மதிப்பிட்டது – மறுமதிப்பீடு கோரிப் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
நகைக்கடன் பிரிவு.

ஐயா,

வணக்கம். மூன்று முறை கிளைக்கு வந்தும், போனில் பலமுறை கேட்டும் பதில் கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் கிளையில் நகைக்கடனுக்கு அடகு வைத்த என் கல் ஆரத்தின் மொத்த எடை 48.200 கிராம். அதில் தகராறு இல்லை. கடை ரசீதில் கல் எடை 3.150 என்று தனியாகவே போட்டிருக்கிறது. நிகர எடை 45.050. உங்கள் மதிப்பீட்டாளர் ரசீதைக் கையில் வாங்கவே இல்லை. "கல் நகை, உள்ளே அரக்கு இருக்கும்" என்று குத்துமதிப்பாக 8.200 கழித்தார். அரக்கு அடைப்பது கூடான நகையில். இந்த ஆரத்துக்குப் பின்பக்கம் திறப்பு, திருப்பிப் பார்த்தாலே தெரியும்.

அதோடு விட்டாரா? 22 காரட்டுக்கான 916 முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் எச்யுஐடி என்ற ஹால்மார்க் எண்ணும் உள்ள நகையை 20 காரட் என்று எழுதினார். காரணம், அவர் உரைகல்லில் தேய்த்தது கொக்கியைப் பற்ற வைத்த இடத்தை. அங்கே பற்ற வைக்கும் பொடி (வேறு உலோகம் சேர்ந்த கலவை) கலந்திருக்கும், மாற்று குறைத்துத்தான் காட்டும். பதக்கத்தின் பின்புறம், கண்ணி என்று இரண்டு மூன்று இடத்தில் உரைத்து, அமிலம் விட்டு, 22 காரட் மாதிரித் தங்கத்தின் உரையோடு ஒப்பிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எச்யுஐடியை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கழித்தது போக மீதி 40 கிராமை, 20 காரட் என்று வைத்து, 22 காரட்டுக்கு மாற்றி 36.360 என்று அடகுச் சீட்டில் ஏற்றிவிட்டீர்கள். 8.690 கிராம், ஒரு பவுனுக்கு மேல், பட்டப்பகலில் போய்விட்டது! கேட்டதற்கு மதிப்பீட்டாளர், "இஷ்டம்னா வைங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போங்க" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை.

வட்டார அலுவலகத்திலிருந்து வேறு மதிப்பீட்டாளர் வருகிறார் என்று 12ஆம் தேதி வரச் சொன்னதும் நீங்கள்தான். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உட்கார வைத்துவிட்டு, அவர் விடுப்பு என்றீர்கள்.

கடன் தொகை குறைந்தது மட்டுமல்ல என் கவலை. நாளை நகை தொலைந்தாலோ ஏலத்துக்குப் போனாலோ என் கையில் இருக்கும் ஆதாரம் இந்தச் சீட்டுதான். ஒரு பவுனுக்கு மேல் நஷ்டம், என் வாழ்நாள் சேமிப்பே போன மாதிரி.

தயவுசெய்து என் முன்னிலையில், மின்விசிறியை நிறுத்தி, தராசைப் பூஜ்யத்தில் வைத்து மறுபடி எடை போடுங்கள். மொத்த எடை, கழிவும் அதன் காரணமும், நிகர எடை, காரட், மதிப்பு, நகையின் படம் எல்லாம் உள்ள சான்றிதழ் தாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2025 நெறிமுறை இதைத்தான் சொல்கிறது.

30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அதற்கு இடம் வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கடை ரசீது, அடகுச் சீட்டு நகல்கள்