கார்பைடு ஊசி வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இதே சந்தேகம் இன்னும் சிலருக்கும் இருக்கும் என்பதால் உனக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். புதைபடிவங்களை ஒட்டியிருக்கும் கல்லை நீக்க, கம்ப்ரஸரும் ஏர் ஸ்கிரைபும் (காற்றழுத்தத்தில் அதிர்ந்து கல்லைக் கொத்தும் பேனா போன்ற கருவி) வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன் மேசையில் இருப்பவை அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லின் கிரைஃபியா என்ற சிப்பியின் புதைபடிவங்கள். சுமார் 7 கோடி ஆண்டுகள் பழையவை. அவற்றுக்கு நாலைந்து நல்ல ஊசிகளும், அவற்றைக் கூராகவே வைத்திருக்கும் பழக்கமும் போதும்.

ஊசிக்கு முன்னால் கல்லைப் பார். அந்தச் சிப்பியின் ஓடு கால்சைட் என்ற கனிமம். அதைப் பிடித்திருக்கும் கல்லும் பெரும்பாலும் கால்சைட்தான். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இரண்டுமே 3. கடினப்படுத்திய எஃகு ஊசி 6-ஐ ஒட்டி வரும். டங்ஸ்டன் கார்பைடு 9-ஐத் தொடும். ஆக, எந்த ஊசியை எடுத்தாலும் அது ஓட்டைக் கீறிவிடும். அதனால் நுனி எப்போதும் ஓட்டைவிட்டு விலகும் திசையிலேயே போகட்டும். ஓட்டின் மேல் இழுக்கவே இழுக்காதே.

அப்படியானால் கார்பைடு எதற்கு? கல்லில் மணல் கலந்திருந்தால் அதிலுள்ள குவார்ட்ஸ் 7. எஃகு நுனி அதில் சீக்கிரமே மழுங்கிவிடும். மழுங்கிய ஊசிதான் ஆபத்து. அது வெட்டாது, நீ அழுத்துவாய். கல் திடீரென்று விடும்போது அந்த அழுத்தம் முழுக்க ஓட்டில் இறங்கும். கூரான நுனியில் விரல் பலமே வேண்டாம், கல் துணுக்குத் துணுக்காகத் தெறித்து வரும்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊர்ப் பக்கத்துக் களிமண் வேறு கதை. அதிலுள்ள ஜிப்சம் வெறும் 2, நகமே கீறும். அங்கே மூங்கில் குச்சி, மெல்லிய தூரிகை. தண்ணீர் விடுவதற்கு முன் ஓரத்தில் சோதித்துப் பார். களிமண் உப்பிப் படிவத்தையே பிளந்துவிடும்.

வாங்கும்போது ஊசியைவிட அதைக் கவ்விப் பிடிக்கும் ‘பின் வைஸ்’ என்ற கைப்பிடிக்குத்தான் பணம் செலவிடு. ஊசியை மாட்டி, நுனியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார். துளி ஆடினாலும் வேண்டாம். பிடி மெல்லியதாக இருந்தால் விரல் சீக்கிரம் இறுகும். டேப் சுற்றித் தடிமனாக்கிக்கொள். லேத் பட்டறைகளுக்கு டூல் விற்கும் கடைகளில் மெல்லிய கார்பைடு ராடு கேட்டுப் பார். குழிகளுக்குப் பல் மருத்துவரின் வளைந்த கொக்கிகள் அருமையானவை. பித்தளை பிரஷ் மட்டும் வேண்டாம், ஓட்டில் மஞ்சள் கோடு விட்டுவிடும்.

கார்பைடைச் சாதாரணச் சாணைக்கல் தீட்டாது. வைரத் தகடு வேண்டும். தகட்டை நனைத்து, வைஸை விரலால் உருட்டியபடி மெதுவாகத் தேய். நுனியை ரொம்ப நீளமாக இழுக்காதே, குட்டைக் கூம்பாக விடு. மெலிந்த கார்பைடு நுனி பட்டென்று ஒடியும். தீட்டியதை லென்ஸில் பார்: விளக்கொளியில் நுனி பளிச்சென்று ஒரு புள்ளியாக மின்னினால் இன்னும் மழுங்கலாகவே இருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் உட்காராதே. அந்தத் தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். சேறான தூளை ஈரத்துணியால் துடைத்தெடு, ஊதித் தள்ளாதே.

கீழே விழுந்தால் கார்பைடு உடையும். மேசையில் ரப்பர் பாய் விரி, நுனிகளுக்குத் தக்கை குத்தி வை. எஃகு ஊசிகளுக்கு எண்ணெய் லேசாகத் தடவினால் துருப்பிடிக்காது. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது அசிட்டோனில் நன்றாகத் துடை. எண்ணெய் பட்ட விரிசலில், படிவத்தை ஒட்டப் பயன்படும் பாரலாய்டு பி-72 பிசின் சரியாகப் பிடிக்காது.

முதல் ஊசியைத் தீட்டியதும் நுனியை லென்ஸ் வழியாகப் படமெடுத்து அனுப்பு. கோணத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை உடைந்த சிப்பிகளில் மட்டும் கை வை.

அன்புடன்,
அண்ணன்